கடலோரத்தில் உலோகப் பூச்சுப் பட்டறை: நச்சுக் காற்றைக் கட்டுப்படுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில் பூச்சில்லாத இரும்புக்கு ஆயுள் குறைவு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிமானத்தைச் சோதிப்பதற்கென மண்டபம் என்ற கடலோர ஊரில் தனியாக ஒரு நிலையம் வைத்திருப்பதும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு அடிக்கப்பட்டிருப்பதும் இந்த உப்புக் காற்றை மனத்தில் கொண்டுதான். வீட்டு கேட், ஜன்னல் கம்பி, விசைப்படகின் வின்ச், நங்கூரம், ஐஸ் பெட்டியின் சட்டம் என்று எல்லாவற்றுக்கும் பூச்சு வேண்டியிருப்பதால், பட்டறை தொடங்குகிறவருக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் துருவைத் தடுக்கும் பூச்சுகளில் பல, பூசும் நேரத்தில் காற்றில் நஞ்சைக் கலக்கின்றன. அந்த நஞ்சை எப்படிக் குறைப்பது, எங்கே பிடிப்பது, எப்படி அளப்பது என்பதை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை. கழிவுநீரும் தீப்பாதுகாப்பும் தனியே எழுத வேண்டிய அளவுக்குப் பெரியவை. காற்றோடு தொடர்பு வரும் இடங்களில் மட்டும் அவற்றைத் தொட்டுச் செல்கிறேன்.

முதல் படி: எந்தப் பூச்சு என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் முதலில் இடத்தைப் பிடித்து, பிறகு இயந்திரம் வாங்கி, கடைசியில்தான் புகையைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிச் செலவு மிச்சமாகும், ஏனென்றால் எந்த நஞ்சு வெளியேறும் என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் பூச்சிலேயே முடிவாகிவிடுகிறது.

குரோம் முலாம் பூசும் தொட்டியிலிருந்து வரும் நுண்திவலையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்படுத்தப்பட்ட ஒன்று இது. நெடுநாள் சுவாசித்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவதும் உண்டு. ஸ்பிரே பெயின்டில் தின்னரிலிருந்து டொலுவீன், சைலீன் ஆவிகளும், இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்டிலிருந்து ஐசோசயனேட்டும் வெளியேறுகின்றன. நாகமுலாம் என்னும் கால்வனைசிங்கில், இரும்பைக் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி ஒருபுறம். ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் உருகியிருக்கும் துத்தநாகத்தில், அது நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவிய இரும்பை அமிழ்த்தும்போது எழும் வெண்புகை மறுபுறம். பவுடர் கோட்டிங்கில் தின்னரே கிடையாது. தூளும், 180 முதல் 200 டிகிரி வரையுள்ள சூளையிலிருந்து வரும் சிறிதளவு ஆவியும்தான் அங்கே கவனிக்க வேண்டியவை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் கருத்து வெளிப்படையானது. கேட், கம்பி, சட்டம் போன்ற வேலைகளுக்குப் பவுடர் கோட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோர வேலை என்றால் பவுடருக்கு அடியில் துத்தநாகம் செறிந்த எப்பாக்ஸி பிரைமர் கொடுங்கள். நாகமுலாம் தேவைப்படும் பொருள்களை, அதற்கென்றே முறையாக நடக்கும் ஆலைக்கு வெளியே அனுப்பி வாங்குங்கள். அலங்காரக் குரோம் வேலை வந்தால் மூன்று இணைதிறன் குரோமியத் தொட்டியைக் கேட்டு விசாரியுங்கள். அதன் திவலையின் ஆபத்து ஆறு இணைதிறன் குரோமியத்தின் ஆபத்தைவிட மிகக் குறைவு. ஷாஃப்ட், ஹைட்ராலிக் தண்டு ஆகியவற்றுக்கான கடினக் குரோம் வேலையை, கையில் முதலும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் தொடாமல் இருப்பது நல்லது.

பிரைமர் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு. ரெட் லெட் என்பது ஈயம். இரண்டும் செந்நிறத்தில்தான் இருக்கும். மஞ்சள் நிறத் துத்தநாகக் குரோமேட் பிரைமரில் முன்னர் சொன்ன அதே ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு வந்த விதி தொழிற்சாலைப் பெயின்டுக்குப் பொருந்தாது என்பதால், டப்பாவோடு வரும் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தாள் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: காற்றையும் ஊருணியையும் பார்த்து இடம் பிடியுங்கள்

மண்டபம் பக்கம் வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே நிலம் மிகக் குறுகலாக இருக்கிறது. சோழகம் வீசும் மாதங்களில் உங்கள் புகை வடக்கே போகும். வாடை தொடங்கியதும் தெற்கே திரும்பும். அதனால் ஒரு திசையில் மட்டும் வீடில்லை என்று பார்த்து இடம் வாங்குவது போதாது. ஆண்டு முழுவதும் காற்று மாறும் திசைகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு திசையிலும் மூன்று பொருள்களைத் தேடுங்கள்: திறந்தவெளியில் கருவாடு காயும் களம், மக்கள் குடிக்க எடுக்கும் ஊருணி, உப்பளம். காற்றில் போகும் குரோமியத் திவலையும் பெயின்ட் தூளும் எங்கோ மறைந்துவிடுவதில்லை. விழும் இடத்தில் படிகின்றன. மழைநீரை ஊருணியிலும் கூரையிலும் சேமித்துக் குடிக்கும் மாவட்டத்தில் இது ஏட்டுக் கவலை அன்று.

சட்டப்படியும் இடத்துக்குச் சில எல்லைகள் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 500 மீட்டர் வரையிலும், அலை ஏறி இறங்கும் கழிகளின் கரையிலும் பொருந்துகிறது. கடல்முகம் கட்டாயம் தேவைப்படாத புதிய தொழிற்சாலைகளை அது அனுமதிப்பதில்லை. பூச்சுப் பட்டறைக்குக் கடல்முகம் தேவையில்லை. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் இந்தக் கரையை ஒட்டியே தொடர்வதால், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கங்களில் இடம் பார்ப்போர் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. மாசு மிகுந்த ஆலைகள் ஆறு, ஓடை, அணை முதலியவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் தமிழக அரசாணை ஒன்றும் இருக்கிறது. கண்மாய்கள் நெருங்கிய இம்மாவட்டத்தில், முன்பணம் கொடுக்கும் முன் வருவாய்த்துறை வரைபடத்தை விரித்து வைத்து அளந்து பாருங்கள்.

மூன்றாம் படி: இசைவாணை

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆகிய இரண்டின்கீழும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம், கட்டுவதற்கு முன் நிறுவுவதற்கான இசைவாணையும், ஓட்டுவதற்கு முன் இயக்குவதற்கான இசைவாணையும் பெற வேண்டும். விண்ணப்பம் இணையவழியே செல்கிறது. மாசின் அளவைக் கொண்டு தொழில்களைப் பிரிக்கும் பட்டியலில், மின்முலாம் மிகுந்த மாசுக்கான சிவப்பு வகையில் வருகிறது. ஸ்பிரே பெயின்டிங் அதற்கு அடுத்த ஆரஞ்சு வகையில் வைக்கப்பட்டு வந்திருக்கிறது. வகைப் பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள பட்டியலையே பாருங்கள். விண்ணப்பத்தில் தொட்டிகளின் அளவு, விசிறியின் திறன், புகைபோக்கியின் உயரம் ஆகியவற்றை நீங்கள் எழுதும் எண்களே பின்னர் உங்களைக் கட்டும் நிபந்தனைகளாகின்றன. எனவே அடுத்து வரும் படிகளை வடிவமைத்து முடித்த பிறகே படிவத்தை நிரப்புங்கள்.

நான்காம் படி: நஞ்சைப் பிறக்கும் இடத்திலேயே பிடியுங்கள்

புகைபோக்கியை உயர்த்தினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உயர்ந்த புகைபோக்கி நஞ்சை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். உண்மையான வேலை தொட்டியின் விளிம்பிலும் துப்பாக்கியின் முனையிலும்தான் இருக்கிறது.

குரோம் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் செலுத்தும் மின்சாரத்தில் சிறு பங்குதான் குரோமியத்தைப் படியவைக்கிறது. மீதி, நீரைப் பிரித்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் குமிழியாக்குகிறது. ஒவ்வொரு குமிழியும் மேற்பரப்பில் வெடிக்கும்போது குரோமிக் அமிலத்தின் நுண்துளி ஒன்று மேலே தெறிக்கிறது. கட்டுப்பாடில்லாத பட்டறையில் தொட்டிக்கு மேலே உள்ள சுவரைப் பாருங்கள்: மஞ்சளும் பழுப்பும் கலந்த கறை, தொட்டியின் நீளத்துக்குச் சரியாக, வேலையாளின் முக உயரம் வரை ஏறியிருக்கும். அந்தக் கறை இருக்கும் உயரத்தில்தான் அவர் நாள் முழுவதும் மூச்சு விடுகிறார்.

இதைத் தடுக்க முதல் காவல், திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் புகைத்தணிப்பான். இழுவிசை குறைந்தால் குமிழி சிறிதாகி மெல்ல உடையும். தெறிப்பு வெகுவாகக் குறையும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2012இல் திருத்திய விதியில், இந்த இழுவிசையைச் சொட்டு எண்ணும் கருவியால் அளந்தால் 40 டைன், இழுவிசைமானியால் அளந்தால் 33 டைன் ஒரு சென்டிமீட்டருக்கு என்ற மேல் எல்லையை வைத்திருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைக்கு அது சட்டமில்லை என்றாலும், பின்பற்ற ஏற்ற இலக்கு. சொட்டு எண்ணும் கருவி என்பது நடுவில் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழாய்; தொட்டித் திரவத்தை உறிஞ்சி, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ண வேண்டும். இழுவிசை குறையக் குறையச் சொட்டு சிறிதாகி எண்ணிக்கை கூடும். பள்ளிப் படிப்பு முடித்த எவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. தணிப்பான் வாங்கும்போது பி.எஃப்.ஓ.எஸ். என்னும் புளோரின் சேர்மம் இல்லாததாகக் கேளுங்கள். 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்ட, இயற்கையில் சிதையாத பொருள் அது. அமெரிக்கா 2015இலிருந்து குரோம் தொட்டிகளில் அதைச் சேர்க்கத் தடை விதித்துவிட்டது.

இரண்டாம் காவல், விளிம்பு உறிஞ்சல். தொட்டியின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு பிளவு அமைத்து, திவலை மேலே எழுவதற்கு முன்பே பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அகலம் அரை மீட்டரைத் தாண்டினால் இருபுறமும் பிளவு வையுங்கள். திரவத்தை விளிம்பு வரை நிரப்பாமல் இடைவெளி விடுங்கள். தொட்டிக்கு நேர் மேலே குடைபோல மூடி வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது திவலையை வேலையாளின் மூக்கைக் கடந்து மேலே இழுப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உறிஞ்சல் போதுமா என்று பார்க்க, மின்சாரம் செலுத்தாத நேரத்தில் ஒரு ஊதுபத்தியை ஏற்றித் தொட்டியின் நடுக்கோட்டில் பிடியுங்கள். புகை மேலே ஏறாமல் பிளவை நோக்கி வளைந்தால் சரி. ஹைட்ரஜன் வெளியேறும் நேரத்திலும், தின்னர் இருக்கும் இடத்திலும் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது.

மூன்றாவது, இழுத்த காற்றைச் சுத்தம் செய்வது. குரோமியத்துக்கு அடுக்கடுக்கான வலைத்திண்டு வடிகட்டி ஏற்றது. அமில ஆவிக்குக் காஸ்டிக் சோடாக் கரைசல் தெளிக்கும் ஸ்க்ரப்பர். இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு தொல்லை இங்கே தலைகாட்டும். நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். அதை ஸ்க்ரப்பரில் விட்டால் காஸ்டிக்கோடு சேர்ந்து சுண்ணமும் மெக்னீசியமும் படிந்து தெளிமுனைகள் அடைத்துக்கொள்ளும். வலைத்திண்டைக் கழுவிய நீரைத் தொட்டிக்கே திருப்பி விடுவது சிக்கனமான முறை. ஆனால் அந்த நீரில் உப்பு இருந்தால் குளோரைடு ஏறித் தொட்டியே கெடும். ஆர்.ஓ. அல்லது தாது நீக்கிய நீருக்கான செலவை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

குழாய்க்கும் விசிறிக்கும் சாதாரண இரும்புத் தகடு வேண்டாம். வெளியே உப்பு, உள்ளே அமிலம் என்று இரு பக்கமும் அரிக்கும்போது அது விரைவில் ஓட்டையாகி, உறிஞ்சல் முழுவதும் வழியிலேயே கசிந்துவிடும். அமில ஆவிக்கு பாலிபுரொப்பிலீன் அல்லது ஃபைபர், குரோமிக் அமிலத்துக்கு பி.வி.சி. என்று போடுங்கள். ஃபைபர் படகு கட்டும் கைத்திறன் இந்தக் கரையில் ஏராளமாக இருக்கிறது. அவர்களைக் கொண்டே உறைகளும் வளைவுகளும் செய்துகொள்ளலாம். படகுக்கு ஊற்றும் பொதுப் பாலியஸ்டர் ரெசினுக்குப் பதிலாக வினைல் எஸ்டர் ரெசின் வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

விசிறி ஓடாமல், தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையர் ஓடக் கூடாது. இரண்டையும் மின்சுற்றில் பூட்டி வையுங்கள். மின்தடை வந்து ஜெனரேட்டர் எடுக்கும்போதும் இந்தப் பூட்டு வேலை செய்ய வேண்டும். ஜெனரேட்டருக்கும் புகைபோக்கி உண்டு: கட்டட உயரத்தோடு, அதன் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 62.5 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் ஏறத்தாழ 1.6 மீட்டர். முலாம் தொட்டியின் புகைபோக்கியைத் தரையிலிருந்து 10 மீட்டர் அல்லது கூரைக்கு மேல் 3 மீட்டர், இரண்டில் எது அதிகமோ அந்த உயரத்துக்குக் குறையாமல் வடிவமைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஸ்பிரே அறை

தகரக் கொட்டகையில், ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஒருவர் பெயின்ட் அடிப்பதை இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் காணலாம். அந்தத் துண்டு ஐசோசயனேட்டைத் தடுப்பதில்லை. ஆபத்தான அளவிலும் ஐசோசயனேட்டின் மணம் தெரியாது. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். இரண்டு டப்பாப் பெயின்ட் அடிப்பவருக்கு வெளிக்காற்று ஊட்டும் முகக்கவசம் தேவை. அதற்கான கம்ப்ரஸர் எண்ணெயில்லாததாகவும், அது காற்றை இழுக்கும் வாய் பெயின்ட் அறைக்கு வெகு தொலைவிலும் இருக்க வேண்டும்.

அறை நான்கு புறமும் மூடியதாக, ஒருபுறம் காற்று நுழைந்து மறுபுறம் ஃபில்டர் வழியே வெளியேறுவதாக, காற்றோட்டம் வினாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கட்டும். குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றால் தெளிக்கும் எச்.வி.எல்.பி. துப்பாக்கியை வாங்குங்கள், பழைய துப்பாக்கியைவிட அதிகப் பெயின்ட் பொருளின் மேல் ஒட்டும், காற்றில் வீணாவது குறையும். சிறு பெயின்ட் பட்டறைகளுக்கு அமெரிக்கா 2008இல் கொண்டுவந்த விதியும் இந்த மூன்றையே கேட்கிறது: 98 விழுக்காடு தூளைப் பிடிக்கும் ஃபில்டர், இவ்வகைத் துப்பாக்கி, அடிப்பவருக்குப் பயிற்சி. பயிற்சியை மற்ற இரண்டுக்கும் சமமாக வைத்தது சரியென்றே நினைக்கிறேன். விலை உயர்ந்த துப்பாக்கியைத் தப்பான கோணத்தில் பிடித்து அடிப்பவர்கள் பலர்.

ஃபில்டர் பெயின்ட் தூளை மட்டுமே பிடிக்கும். தின்னரின் ஆவி அதன் வழியே அப்படியே வெளியேறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 10 லிட்டர் கலந்த பெயின்ட் அடித்து, அதில் பாதி கரைப்பான் என்றால், லிட்டருக்கு 0.87 கிலோ வீதம் ஏறத்தாழ 4.35 கிலோ ஆவி. ஆண்டுக்கு 300 வேலைநாள் எனில் 1.3 டன். அதைப் பிடிக்கக் கிளர்வூட்டிய கரி அடுக்கு வேண்டும். ஈரப்பதம் மிகுந்த கடலோரக் காற்றில் கரியின் கொள்ளளவு குறைவதால், தயாரிப்பாளர் சொல்லும் காலத்துக்கு முன்பே மாற்ற நேரும். கரைப்பான் குறைந்த, அல்லது நீரில் கரையும் பெயின்டுக்கு மாறுவது அதைவிட மலிவாகவே முடியும். துப்பாக்கியைக் கழுவும்போது தின்னரைக் காற்றில் பீய்ச்சாமல் மூடிய பாத்திரத்தில் கழுவச் சொல்லுங்கள். டப்பாக்களை மூடி வைப்பதும் அப்படித்தான், காசில்லாத கட்டுப்பாடு.

பவுடர் கோட்டிங் பட்டறைகளிலும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பொருளைத் தொங்கவிடும் கொக்கிகளில் படிந்து கெட்டியான பவுடரைக் கொல்லைப்புறத்தில் போட்டு எரிப்பார்கள். சூளையில் வராத நச்சுப் புகை முழுவதும் அந்த நெருப்பில் வந்துவிடும். கொக்கிகளைத் தட்டி எடுங்கள், அல்லது வெளியே சுத்தம் செய்யக் கொடுங்கள்.

ஆறாம் படி: அளந்து எழுதி வையுங்கள்

புகைபோக்கி கட்டும்போதே மாதிரி எடுக்கும் துளையும், ஆள் நின்று வேலை செய்யும் மேடையும் ஏணியும் வைத்துவிட வேண்டும். பிறகு ஒட்டவைப்பது பெரும் செலவு. வளைவிலிருந்து குழாயின் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு தள்ளித் துளை அமைந்தால் அளவீடு நம்பகமாக இருக்கும். இசைவாணையில் குறித்துள்ள கால இடைவெளியில் வாரியத்தின் ஆய்வகத்தைக் கொண்டோ, அது ஏற்கும் ஆய்வகத்தைக் கொண்டோ அளந்துகொள்ளுங்கள்.

ஆய்வகம் வருவது எப்போதோ ஒருமுறை. நடுவில் உள்ள நாட்களுக்கு உங்கள் பதிவேடுதான் சாட்சி. குரோம் தொட்டிக்குச் சொட்டு எண்ணிக்கையும் தணிப்பான் சேர்த்த அளவும், ஸ்க்ரப்பருக்கு பி.எச். அளவும், ஸ்பிரே அறைக்கு ஃபில்டரின் இருபுற அழுத்த வேறுபாடும், மாதந்தோறும் வாங்கிய தின்னரின் அளவும் எழுதினால் போதும். புதிய ஃபில்டர் போட்ட அன்று, அந்த அழுத்த வேறுபாட்டை அளக்கும் மானோமீட்டர் காட்டும் எண்ணைச் சுவரிலேயே எழுதி ஒட்டுங்கள். முள் ஏறிக்கொண்டே போனால் அடைப்பு, திடீரென்று இறங்கினால் கிழிசல். வேலையாட்களின் மூக்கையும் தோலையும் நுரையீரலையும் சேரும்போதும் பிறகு குறித்த காலத்திலும் மருத்துவர் பார்த்து எழுதிய குறிப்பும் இதே கோப்பில் இருக்கட்டும். குரோமியப் புண் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்.

காற்றிலிருந்து பிடித்த நஞ்சு ஃபில்டரிலும் கரியிலும் வண்டலிலும் தங்கியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அவற்றை மூடிய கொள்கலனில், கூரையின் கீழ், பொதுவாக 90 நாளுக்கு மேற்படாமல் வைத்து, அனுமதி பெற்ற நிலையத்துக்கு உரிய சீட்டுடன் அனுப்ப வேண்டும். ஆண்டறிக்கைக்கு ஜூன் 30 கடைசி நாள். சுற்றுச்சூழல் அறிக்கைக்கு செப்டம்பர் 30.

ஏழாம் படி: பட்டறை வளரும்போது

தொழில் நன்றாகப் போனால் இரண்டாவது தொட்டி வைக்கத் தோன்றும். பலர் அதை இருக்கும் குழாயிலேயே இணைத்துவிடுவார்கள். விசிறி இழுக்கும் காற்றின் அளவு மாறாததால், புதிய பிளவுக்குப் போகும் காற்று முழுவதும் பழைய தொட்டியிலிருந்து பறித்ததாகவே இருக்கும். இரண்டு தொட்டியிலும் திவலை தப்பிக்கும். எனவே முதலில் விசிறியின் திறனைக் கணக்கிட்டு, தேவையானால் பெரிதாக்குங்கள். பிறகு மாறிய தொட்டி எண்ணிக்கையையும் காற்றளவையும் காட்டி, விரிவாக்கத்துக்கான இசைவாணைக்கு விண்ணப்பியுங்கள். ஆணை கைக்கு வந்த பின், இரு தொட்டிகளின் பிளவுகளிலும் ஊதுபத்திச் சோதனையை முடித்துவிட்டு, அதன் பிறகே புதிய தொட்டியில் கரைசலை ஊற்றுங்கள்.